ரீபூட்டுக்கு முன்னால் ஒரு சோஸ் ரிப்போர்ட்: என் அனுபவம்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில், எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரீபூட்தான். அந்தப் பழக்கத்தை விட வைத்தது ஒரு நைட் ஷிஃப்ட்.

பில்லிங் சர்வர் ஒன்று அன்று இரவு இழுத்துக்கொண்டு கிடந்தது. பில்கள் வெளியே வரவில்லை. எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்று காட்டும் லோட் ஆவரேஜ் 60ஐத் தாண்டிவிட்டது. ஆனால் எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சிபியு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. இவ்வளவு லோடு எங்கிருந்து வருகிறது என்று ஒன்றும் புரியவில்லை. ரீபூட் என்று அடித்தும் விட்டேன். என்டர் தட்டுவதற்குள் போனில் இருந்த சீனியர் அண்ணா, "தம்பி, கையை எடு. முதல்ல சோஸ் எடுத்து வை, அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணு" என்றார்.

சோஸ் என்பது ரெட் ஹாட், ஃபெடோரா வகையறாக்களிலும் உபுண்டுவிலும் கிடைக்கிற, பைத்தானில் எழுதப்பட்ட கமாண்ட் லைன் கருவி. முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக இருந்து 'சோஸ் ரிப்போர்ட்' என்று அடித்தால் போதும். 2020இல் வந்த 4.0க்கு முந்தைய பதிப்புகளில் இதையே ஒட்டி ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். மெஷினில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற பிளகின்கள், அதாவது ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கிற சிறு நிரல்கள், தாமாகவே ஓடும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு கான்ஃபிக் ஃபைல்களை நகலெடுத்து, கட்டளைகளை ஓட்டி விடைகளைச் சேமித்து, லாக்குகளையும் சேர்த்துக்கொள்ளும். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகச் சுருக்கி (ரெட் ஹாட் வகையறாக்களில் /வார்/டெம்ப் டைரக்டரியில்) வைத்துவிட்டு, ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் செக்சம்மையும் திரையில் காட்டும். கோளாறைச் சரிசெய்கிற வேலை அதற்கில்லை. அந்த நேரத்தில் மெஷின் எப்படி இருந்ததோ அப்படியே பதிந்து வைக்கும்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? பிளகின்கள் நான்கு நான்காக ஓடி எண்கள் மளமளவென்று ஏறின. கடைசியில் 'ஃபினிஷிங் பிளகின்ஸ்' என்ற வரி வந்து நின்றது. பக்கத்திலேயே 'ரன்னிங்: ப்ராசஸ்'. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அசையவில்லை. கருவியும் தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல் சி அடிக்கப் போனேன். "விடு, 300 செகண்ட் பார்த்துட்டு அதுவே அடுத்த வேலைக்குப் போயிடும்" என்றார் அண்ணா. அதேபோல டைம் அவுட் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கிடைத்ததை மூட்டை கட்டிக் கொடுத்தது.

மூட்டையைப் பிரித்ததும் அண்ணா முதலில் பார்க்கச் சொன்னது சோஸின் சொந்த லாக்கைத்தான். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை பதில் வராமல் மாட்டியிருந்தது. அடுத்து, இருக்கிற ப்ராசஸ்களையெல்லாம் காட்டும் பிஎஸ் கட்டளையின் பட்டியலைத் திறந்தேன். ஸ்டேட் என்ற பத்தியில் மேலிருந்து கீழாக 'டி' (D), 'டி', 'டி'. ஐஓ, அதாவது டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ படிப்பது எழுதுவது, முடியக் காத்துக்கிடக்கும் ப்ராசஸுக்கான எழுத்து அது. லினக்ஸின் லோட் கணக்கில் சிபியுவில் ஓடுபவை மட்டுமல்ல, இப்படிக் காத்துக்கிடப்பவையும் சேரும். சிபியு சும்மா இருக்க லோடு 60 ஆனது அப்படித்தான்.

மூன்றாவதாக, மெஷினோடு இணைத்திருக்கும் டிஸ்க்குகளைக் காட்டும் மவுண்ட் பட்டியல். பில் பிடிஎஃப்கள் போய் விழுகிற என்எஃப்எஸ் ஷேர், அதாவது நெட்வொர்க் வழியாக வரும் இன்னொரு சர்வரின் டைரக்டரி, அதில் இருந்தது. அந்த ஷேரைக் கொடுக்கும் பழைய ஸ்டோரேஜ் சர்வரை, யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து இன்னொரு டீம் அன்று சாயங்காலம் அணைத்திருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு அதை மறுபடி ஆன் செய்யச் சொன்னோம். சர்வர் பதில் தரும்வரை விடாமல் காத்திருக்கும் ஹார்ட் மவுண்ட் என்பதால், நின்றிருந்த ப்ராசஸ்கள் விட்ட இடத்திலிருந்து தாமாக எழுத ஆரம்பித்தன. லோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரீபூட் அடித்திருந்தால் எழுதக் காத்திருந்த பில்கள் அத்தனையும் நடுவழியில் அறுந்திருக்கும், அந்த 'டி' வரிசையும் சுவடில்லாமல் போயிருக்கும்.

இதே கருவியால் ஒருமுறை சிக்கலிலும் மாட்டினேன். ரூட் பார்ட்டிஷனில் 1 ஜிபி கூட மிச்சமில்லாத மெஷின். லாக்குகளுக்கு இயல்பாகவே ஓர் அளவு வரம்பு உண்டு. நான் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா லாக்கையும் எடுக்கும் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினேன். பாதியில் டிஸ்க் நிரம்பி, அதுவரை நன்றாக இருந்த சர்வீஸ்களும் விழுந்தன. இப்போதெல்லாம் முதலில் டிஸ்க்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்ப்பேன். இடம் குறைவாக இருந்தால் 'டெம்ப் டிர்' ஆப்ஷனில் வேறு டிஸ்க்கைக் காட்டிவிடுவேன்.

இன்னொன்று, ரிப்போர்ட்டை வெளியே அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 'க்ளீன்' ஆப்ஷன் போட்டால் ஐபி, ஹோஸ்ட்நேம், மேக் முகவரி எல்லாம் பொய்ப் பெயர்களாக மாறும். எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல் நம் மெஷினிலேயே இருக்கும் என்பதால், சப்போர்ட்டிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் நம்மால் கண்டுபிடித்துவிட முடியும். மிக நல்ல வசதி. ஆனால் நாமே எழுதிய ஸ்கிரிப்ட்டுக்குள் இருப்பது பாஸ்வேர்டு என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை அனுப்பும் முன் மூட்டையைப் பிரித்து, ஃபைல்களுக்குள் சொல் தேடும் க்ரெப் கட்டளையைப் போட்டேன். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானுக்கான பிளகின் நகலெடுத்திருந்த ஒரு வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்பட்டமாக இருந்தது. மனசு திக்கென்றது. அந்தப் பிளகினை விட்டுவிட்டு மறுபடி ரிப்போர்ட் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, க்ரான் வரியிலிருந்து எடுத்து, உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடிகிற 600 பர்மிஷன் உள்ள தனி ஃபைலில் வைத்தோம்.