கேட்ஜன்ஸா, சோசாவா? 1950 அமெரிக்கக் கால்பந்து அணியின் பெரிய முன்கள வீரர் யார்?

கோல்காவலன்:
1950 பிரேசில் கால்பந்து உலகக் கோப்பை என்றாலே அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த ஆட்டத்தைத்தான் பேசுகிறோம். அந்த கோலை அடித்த ஜோ கேட்ஜன்ஸ்தான் அந்தக் கால அமெரிக்காவின் தலைசிறந்த முன்கள வீரர் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. அமெரிக்காவுக்கு அவர் ஆடியது மூன்றே ஆட்டம், அடித்தது ஒரே கோல். அதே அணியில் இருந்த ஜான் சோசாவை யாருக்கும் தெரியவில்லை. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் பிறந்தவர். 1947இல் பொன்டா டெல்கடா கிளப், அமெரிக்க கிளப்புகளுக்கான தேசிய ஓபன் கோப்பை, அமெச்சூர் கோப்பை இரண்டையும் ஒரே வருடத்தில் ஜெயித்தபோது அதில் ஆடினார். 1951இல் நியூயார்க்கின் ஜெர்மன்-ஹங்கேரியன் கிளப்போடு அதே இரட்டை வெற்றி மறுபடியும். இரண்டு ஒலிம்பிக், ஓர் உலகக் கோப்பை. வீரரின் வாழ்க்கை என்றால் இதுதான்.

தென்றல்மணி:
மூன்று ஆட்டம் என்று எண்ணிக்கையை மட்டும் வைத்தால் எப்படி நண்பரே? அந்த மூன்றுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். கேட்ஜன்ஸ் ஹைத்தியின் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க நியூயார்க் வந்தார். செலவுக்கு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அந்த உணவகத்தின் முதலாளிதான் அவர் ஆடிய புரூக்ஹாட்டன் கிளப்புக்கும் முதலாளி. 1949-50 சீசனில் அமெரிக்க சாக்கர் லீகில் 15 ஆட்டத்தில் 18 கோல், லீகிலேயே அதிகம். அதைப் பார்த்துத்தான் அணியில் எடுத்தார்கள்.

கோல்காவலன்:
சரி, லீகில் அடித்தார். ஆனால் இங்கிலாந்து ஆட்டம் நடந்த பெலோ ஹொரிசோண்டே நகரில் அடித்த அந்த கோல்? அமெரிக்க நடுக்கள வீரர் வால்டர் பார் சுமார் 25 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து. அது கேட்ஜன்ஸின் தலையில் உரசித் திசை மாறி உள்ளே போனது. இதை வைத்து ஒருவரைத் தலைசிறந்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தென்றல்மணி:
இங்கேதான் நான் கடுமையாக மறுக்கிறேன். அமெரிக்காவின் எட் மெக்கில்வெனி த்ரோ எறிகிறார், பார் வாங்கி உதைக்கிறார், இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அந்த நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்து, டைவ் அடித்துத் தலையைக் கொண்டுபோய் வைக்கிறார் கேட்ஜன்ஸ். சும்மா நிற்கிறவன் தலையில் பட்ட பந்து இல்லை அது. அவரோடு ஆடியவர்களே, மற்றவர்கள் முயற்சிகூடச் செய்யாத பந்துகளுக்குப் பாய்கிற ஆள் என்றுதான் அவரைச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நடந்ததும் அவருடைய வழக்கமான ஆட்டம்தான்.

பழையபந்து:
இன்னொன்றையும் கேட்கிறேன். அவர் அமெரிக்கக் குடிமகனே இல்லையே? அவரை எப்படி அமெரிக்க வீரர் கணக்கில் சேர்ப்பது?

தென்றல்மணி:
குடியுரிமை பெற விரும்புகிறேன் என்று அறிவித்தாலே ஆடலாம் என்பது அப்போது அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் விதி. அதே விதியில்தான் ஸ்காட்லாந்தின் மெக்கில்வெனியும் பெல்ஜியத்தின் ஜோ மாக்காவும் ஆடினார்கள். ஃபிஃபா விசாரித்து அந்த வருடமே ஏற்றுக்கொண்டது. அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது.

இளவழகி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த அணியில் பந்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டினார், பார் பள்ளி ஆசிரியர், ஹாரி கியோ தபால்காரர். இங்கிலாந்தை வீழ்த்திவிட்டு ஊர் திரும்பினால் பெரிதாக வரவேற்க ஆள் இல்லை. அப்புறம் கேட்ஜன்ஸ் ஏன் பிரான்சுக்குப் போக மாட்டார்? ராசிங் பாரிஸ், பிறகு அலெஸ் கிளப். 1953 டிசம்பரில் மெக்சிகோவுக்கு எதிராக ஹைத்திக்கே ஆடினார். ஊர் திரும்பி சலவைக் கடை நடத்தினார்.

1964 ஜூலை 8 அன்று ஹைத்தியின் சர்வாதிகாரி துவாலியேவின் அடியாட்கள் அவரைப் பிடித்துப் போனார்கள். அவர் அரசியலில் இல்லை, குடும்பத்தார்தான் துவாலியேவை எதிர்த்தவர்கள். அதன்பிறகு அவர் திரும்பவேயில்லை. நாற்பது வயது. இவ்வளவும் தெரிந்த பிறகும் மூன்று ஆட்டம், ஒரு கோல் என்று கணக்குப் பார்ப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

கோல்காவலன்:
அவருக்கு நேர்ந்த கொடுமையில் எனக்கும் வேதனைதான் இளவழகி. ஆனால் ஒருவருடைய துயரம் வேறு, ஆட்டத்தின் தரம் வேறு. 1950 உலகக் கோப்பை முடிந்ததும் பிரேசிலின் முண்டோ எஸ்போர்டிவோ பத்திரிகை தன் சிறந்த பதினொருவரில் அமெரிக்காவிலிருந்து எடுத்த ஒரே ஆள் சோசா. அந்த கோலைப் பார்த்த நாட்டின் பத்திரிகைதான் அது! அடுத்து ஓர் அமெரிக்கர் உலகக் கோப்பையின் சிறந்த அணியில் இடம்பிடிக்க 2002இல் கிளாடியோ ரெய்னா வரவேண்டியிருந்தது. கோலை அடித்தவரை நினைக்கிறோம், மூன்று ஆட்டத்திலும் முன்களத்துக்குப் பந்தைக் கொண்டுபோனவரை மறக்கிறோம்.

தென்றல்மணி:
சோசா அருமையான இன்சைட் ஃபார்வர்டு (நடு முன்கள வீரருக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்), மறுக்கவில்லை. ஆனால் பந்தைக் கொண்டுபோவது ஒரு வேலை, வலைக்குள் அனுப்புவது வேறு வேலை. அன்று இங்கிலாந்துக்கு ஃபின்னி, மோர்டென்சன், மேனியன் எல்லாரும் ஆடினார்கள். பந்து கம்பத்தில் பட்டது, போர்கி தடுத்தார், 90 நிமிடமும் இங்கிலாந்தால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அமெரிக்காவுக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகக் குறைவு. அதில் ஒன்றை 38வது நிமிடத்தில் கோலாக்கியவர் கேட்ஜன்ஸ். முன்கள வீரர் பட்டியல் எழுதச் சொன்னால் அவர் பெயரைத்தான் முதலில் எழுதுவேன், அதற்கு அடுத்த வரியில் சோசா.