டிபி மாத்திரையோடு சாயா கருத்தடை மாத்திரை கொடுக்கலாமா?

துணை சுகாதார நிலையத்தில் ஒரு கேஸ். 26 வயதுப் பெண், நுரையீரல் டிபி, 6 மாத சிகிச்சையில் இரண்டாம் மாதம். மாலா-என் (தினசரி ஹார்மோன் கருத்தடை மாத்திரை) போடுகிறார். அட்டையைப் பார்த்தேன், வெள்ளை மாத்திரை (ஹார்மோன் உள்ளது) ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனாலும் நடுவிலேயே ரத்தக்கசிவு. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரலில் ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். இனி அந்த அட்டையை நம்ப முடியாது. தினம் ரெண்டாகப் போட்டாலும் சரிவராது.

காப்பர்-டி சொன்னேன், மாமியார் ஒப்பவில்லை (எப்பவும் அங்கேதான் முட்டும்). அந்தரா கருத்தடை ஊசியை ரிஃபாம்பிசின் பாதிக்காது என்றும் விளக்கியாச்சு. ஊசியே வேண்டாம் என்கிறார். இப்போதைக்கு ஆணுறை. கணவர் ஒழுங்காகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

மிச்சம் சாயாதான். ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாதது, சரி. ரிஃபாம்பிசினோடு சேர்த்துத் தரலாம் என்று எழுத்தில் எதுவும் என் கையில் கிடைக்கவில்லை.

டிபி மருந்து ஓடும்போதே சாயா கொடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் யாரிடமாவது இருக்கிறதா?