மட்டாஞ்சேரி கிட்டங்கியை ஸ்டூடியோவாக்க யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி, மாமனார் வழியில் வந்த பழைய சுக்குக் கிட்டங்கி (கோடவுன்) ஒன்று பூட்டியே கிடக்கிறது. செம்புராங்கல் சுவர், மங்களூர் ஓடு, தேக்கு உத்தரம். கதவைத் திறந்தால் இன்னும் சுக்கு வாசனை! துணி அச்சு, கிராஃபிக் டிசைன் செய்கிறவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடமாக்க ஆசை.

ஆசையைக் கிளப்பியது ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸ்தான். தேங்காயெண்ணெயும் மிளகும் கைமாறிய வளாகம், 2012 கொச்சி பினாலே கலைவிழாவில் கலைக்கூடமானது. அதே ஊரிலுள்ள பெப்பர் ஹவுஸ் என்ற பழைய வளாகத்திலும் இரண்டு கிட்டங்கி, நடுவே பெரிய முற்றம். சுவரை மினுக்காமல் விட்டதுதான் அழகு என்பது என் கட்சி.

எங்கள் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கிறது. போன வருஷம் ஒரு கான்ட்ராக்டர் அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டார். ஈரம் வெளியேற வழியில்லை. ஒரே மழைக்காலத்தில் அப்பளமாக உப்பி, நகத்தால் சுரண்டினாலே கல்பொடியோடு பெயர்கிறது.

சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் எர்ணாகுளம், நாகர்கோவில் பக்கம் யாராவது உண்டா? சிமென்டை உரித்தபின் சுவரை எத்தனை மாதம் காயவிட்டீர்கள்? ஓட்டுச் சூட்டுக்கு என்ன செய்தீர்கள்? புதிதாக எதுவும் கட்டாமல் பயன்பாட்டை மட்டும் மாற்றினாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்க வேண்டுமா?

செய்து பார்த்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். "இடிச்சிட்டுப் புதுசா கட்டுங்க" என்று மட்டும் வேண்டாம், அதை மாமனார் தினமும் சொல்கிறார்.