அயர்லாந்து மழைக் குறிகள் நம்ம பக்கம் பலிக்குமா?

பாலக்கோடு மானாவாரி:
அயர்லாந்தில் 1937–39இல் பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த நாட்டார் வழக்குத் தொகுப்பில் மழைக் குறிகள் ஏராளம். தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை, நிலா வட்டம் கட்டினால் மழை, புகைபோக்கியில் கரி உதிர்ந்தால் மழை, அந்தி சிவந்தால் மறுநாள் வெயில். நிலக்கடலை பிடுங்கிக் காயப்போடும்போது இதில் எதை நம்பலாம்?

அரூர் வானம்:
செவ்வானத்தை முதலில் தள்ளுங்க. அங்கே மழை பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வரும். அந்தியில் மேற்கு சிவந்தால் அந்தப் பக்கம் மேகமில்லை என்று அர்த்தம், அதனால் பலிக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வங்கக் கடல் பக்கமிருந்து. மேற்கு எவ்வளவு சிவந்தாலும் கிழக்கே திரள்வதை அது காட்டாது.

நிலா வட்டம் நம்மிடமும் உண்டு: எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை. ஆனால் அளந்து பாருங்க. கையை முழுசா நீட்டி, சாண் விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்க. சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட வட்டத்தைத் தொட்டால் அது 22 டிகிரி கோட்டை, உயரத்துப் பனித்துகள் மேகம் கட்டுவது. நிலாவை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன வளையம் நீர்த்துளி மேகத்தால் வருவது, அது வேறு கணக்கு.

அயர்லாந்தில் பெரிய வட்டத்துக்குப் பின்னால் பல நேரம் ஓரிரு நாளில் மழை வந்து சேரும். இங்கே சித்திரை, வைகாசியில் வேறெங்கோ இடித்துப் பெய்து முடித்த மேகத்தின் மேல்விரிப்பே வட்டம் காட்டி ஏமாற்றும். வட்டம் மங்கி, நிலாவும் கலங்கிக்கொண்டே போனால்தான் உஷாராகணும்.

தளி ராகிக்காடு:
அண்ணன் சொன்னது சரிங்க. திசையை நம்பிய குறி ஊர் மாறினால் கெடும், காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் குறி கெடாது. கரி ஈரம் குடித்துக் கனத்து உதிர்கிறது. நம்ம வீட்டுக் கல்லுப்பும் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் கசியும். தகைவிலான் தாழ்வது பூச்சி தாழ்வதால். இங்கே தட்டான் தாழப் பறக்குதா பாருங்க. ஆனால் ஈரம் இருந்தாலே மழை உறுதி இல்லை. ரெண்டு மூணு குறி சேர்ந்தால் மட்டும் பிடுங்குவதைத் தள்ளிப்போடுங்க.

பிடுங்கியாச்சு என்றால் செடியைக் கவிழ்த்து, காய் மேலே இருக்கும்படி போடுங்க. தூறினால் தார்ப்பாய். மழை விட்டதும் தார்ப்பாயை உடனே எடுத்துடணும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.