வார்டுல "உங்க பிள்ளை இப்ப எப்படி இருக்கு"ன்னு கேட்டா என்ன சொல்றீங்க?

சாட்ஸ்வர்த் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைய கேன்சர்ல பறிகொடுத்துட்டு அதுக்கப்புறம் ட்ரஸ்ட் அது இதுன்னு நடத்துறவங்க நம்ம குரூப்ல சில பேர் இருக்கீங்க, உங்ககிட்டதான் இந்தக் கேள்வி. மத்தவங்களும் எழுதலாம், ஆனா அட்வைஸ் வேணாம், உங்களுக்கு நடந்தத சொல்லுங்க போதும்.

என் கதை சுருக்கமா. ஊர் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி தென்னாப்பிரிக்கா டர்பன் வந்தேன், வீட்டுக்காரர் குடும்பம் நாலஞ்சு தலைமுறையா இங்கதான். மகளுக்கு ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய், ரெண்டு வருஷத்துக்கு மேல ட்ரீட்மெண்ட், எல்லாம் முடிஞ்சு ஸ்கூலுக்கும் போக ஆரம்பிச்சா, அப்புறம் திரும்ப வந்துடுச்சு. அவ போன பிறகு ஆரம்பிச்சதுதான் இந்த ட்ரஸ்ட். மருந்து, மிஷின்னு ஒண்ணும் வாங்கித் தர்றதில்ல. டாக்ஸி காசு, ஏர்டைம், கூட இருக்கற அம்மாவுக்கு சோப்பு, டவல், மாத்துத்துணி, அவ்ளோதான். கேக்க அல்பமா இருக்கும். ஆனா நொங்கோமா, கோக்ஸ்டாட்னு அவ்ளோ தூரத்துல இருந்து பிள்ளைங்கள டர்பனுக்கு அனுப்பறாங்க, மொத சில மாசம் கழிஞ்சா வீட்டுல இருந்தே வந்து வந்து கீமோ ஏத்திக்கிட்டு போகணும், அதுக்குள்ள பிள்ளை பாக்க நல்லா இருக்கும் ஓடியாடும், கையில காசு இருக்காது, சரி இந்தத் தடவ விடுவோம்னு விடுவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. வசதியான நாடுகள்ல 100 பிள்ளைல 80க்கு மேல பொழைக்குது, ஏழை நாடுகள்ல 30 கூட தேறலன்னு டபிள்யூ.ஹெச்.ஓ. சொல்லுதே, அதுக்கு மருந்து இல்லாதது மட்டும் காரணம் இல்ல, பாதியில நிறுத்திட்டுப் போறதும் ஒரு பெரிய காரணம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். இங்க ஜூலு அம்மாக்களும் நம்ம தெருவுல கூப்பிடற மாதிரி இன்னார் அம்மான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. அதனால என்னப் பாத்ததும் மொத கேள்வியே நீ யாரோட அம்மா, பிள்ளை எந்த பெட்டு. சமீபத்துல ஒரு சின்னப் பொண்ணு, இருபது வயசு இருந்தா ஜாஸ்தி, பையனுக்கு ஸ்டெராய்டு ஆரம்பிச்சு மூஞ்சி உப்பி ராத்திரி பகல் பாக்காம பசி பசின்னு அழறான், அவளும் கூட சேந்து அழறா. இது மருந்து பசிம்மா, என் மகளும் இப்படித்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு புளிச்சோறு கேப்பா, மாத்திரை நின்னா இதுவும் நின்னுடும்னு சொன்னேன். முகமே மாறிடுச்சு அவளுக்கு, சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே கேக்கறா, இப்ப உன் மக எந்த கிளாஸ் படிக்கறா?

நல்லவேளை நர்ஸ் வந்து ட்ரிப் மாத்தணும்னு என்னை எழுப்பி விட்டாங்க. அதோட அந்தப் பேச்சு போச்சு. நீங்கல்லாம் இந்த இடத்துல என்ன பண்றீங்க?

மாரிட்ஸ்பர்க் அண்ணன்:

என் தமிழ்ல தப்பு இருந்தா மன்னிக்கணும், சாயங்கால வெர்னாகுலர் கிளாஸ்ல கத்துக்கிட்டது. தங்கச்சி, எனக்கு வார்டு பழக்கம் இல்ல, நாங்க கோயில் திருவிழா சமயத்துல ஸ்டெம்செல், அதாவது ரத்தத்த உண்டாக்கற செல்ல தானம் குடுக்க ஆள் சேக்கற டோனர் கேம்ப் போடறவங்க. என் மகனுக்கு மேட்ச் கெடைக்கல. கூடப்பொறந்தவங்கன்னாலும் நாலுல ஒரு பங்கு சான்ஸ்தான், அவனுக்கு இருந்தது ஒரே அக்கா, அவளுது சேரல. வெளிய தேடினா நம்ம வம்சாவளி ஆளுங்ககிட்டதான் சேர வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா டோனருங்க பேர் இருக்கற ரெஜிஸ்ட்ரில நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. கேட்டா முதுகுத்தண்டுல ஊசி போட்டு நடக்க முடியாம ஆக்கிடுவாங்களாமேம்பாங்க. பேர் சேக்கறதுக்கு பஞ்சுக்குச்சிய கன்னத்து உள்பக்கம் தேய்ச்சா போதும், அப்புறம் யாருக்காவது சேந்தாலும் பெரும்பாலும் கையிலருந்து ரத்தம் எடுக்கற மாதிரிதான் எடுக்கறாங்க, சில பேருக்கு இடுப்பெலும்புல இருந்து, முதுகுத்தண்ட யாரும் தொடறதில்லன்னு மைக்ல கத்திக் கத்தி தொண்டை போயிடும்.

ஒரு தடவ கியூவுல நின்ன ஒரு ஆயா சத்தமா கேட்டாங்க, ஏன் தம்பி, உன் மவனுக்கு கெடச்சுதா? எல்லார் காதுலயும் விழுது. கெடைக்கல ஆயா, போயிட்டான்னேன். பின்னாடி நின்ன ரெண்டு பசங்க மெதுவா நழுவிட்டாங்க. ஆயா மட்டும் நகரல, எனக்குத் தேய்ச்சு விடுன்னு வாயத் தொறந்துட்டு நிக்கறாங்க. உங்களுக்கு வயசு தாண்டிடுச்சு ஆயா எடுக்க மாட்டாங்கன்னா, யாரு சொன்னது, உங்க பெரிய ஆபீசர கூப்பிடுன்னு ஒரே சண்டை. கடைசியில பேரன ஃபோன் போட்டு வரவழைச்சு உக்கார வெச்சுட்டுதான் போனாங்க. நான் உண்மையதான் சொல்வேன், ரெண்டு பேர் போனா போகட்டும்.

லெனேசியா பெரியம்மா:

அண்ணன் சொல்றது கேம்ப்புக்கு சரி, வார்டுல அது வேற. நான் சொல்றேன் கேளுங்க. ஜூலை 18 மண்டேலா டே வந்தா போதும், 67 நிமிஷம் சேவை பண்றோம்னு கம்பெனிக்காரங்க ஒரே டீ-ஷர்ட்ல வந்து இறங்கிடுவாங்க, கை நிறைய டெடி பேர். பிள்ளைங்களுக்கு வெள்ளை அணு அடிமட்டத்துல இருக்கும், பஞ்சு பொம்மை தூசி கிருமின்னு உள்ள விட மாட்டாங்க, முன்னாடியே மெயில்ல எழுதித்தான் அனுப்பறோம், யார் படிக்கறா. அப்படி வந்த ஒரு மேனேஜர் நல்லது பண்றதா நெனச்சு, பிள்ளைங்க, அம்மாக்கள் எல்லாரும் இருக்கற பிளேரூம்ல என்னைத் தோள்ல கை போட்டு முன்னாடி நிறுத்தி, இந்தத் தாய் தன் மகன இதே நோய்க்குப் பறிகொடுத்தும் உங்களுக்காக உழைக்கறாங்கன்னு பேசிட்டாரு. எல்லாரும் கை தட்டறாங்க. அம்மாக்கள் தட்டல. எட்டு வயசுப் பையன் ஒருத்தன், விக்கு மாட்டிக்கிட்டு விளையாடிட்டு இருந்தவன், அவன் அம்மாகிட்ட திரும்பி என்னவோ கேட்டான், அவ அவன இழுத்து மடியில போட்டு காதப் பொத்திட்டா. எனக்கு அந்த ஆளு மேல வந்த கோவம் இன்னும் அடங்கல.

அன்னையிலருந்து ஒரே ரூல்தான். யார் வந்தாலும் என் மகனப் பத்தி வார்டுக்குள்ள பேசக்கூடாது. ஆனா பாருங்க, காசு குடுக்கறவங்களுக்கு அந்தக் கதைதான் வேணும். அது இல்லாம லெட்டர் போட்டா பதிலே வராது, போட்டோவோட போட்டா வரிக்கழிவுக்கான 18ஏ சர்டிபிகேட் எப்ப தருவீங்கன்னு அடுத்த நாளே ஃபோன். இது எனக்குப் பிடிக்கல, இருந்தாலும் போடறேன், வேற வழி இல்ல. பிள்ளைங்க கேன்சருக்கான சாக் ஃபவுண்டேஷன 1979ல ஆரம்பிச்சதும் நம்மள மாதிரி பெத்தவங்கதான், அவங்களுக்கும் இதே பாடு இருந்திருக்கும்.

டொங்காட் காரி:

பெரியம்மா, உள்ள பேசக்கூடாதுங்கறது ஓகே, ஆனா சொல்லியே ஆகணும்னு ஒரு நேரம் வரும். காவடி அன்னிக்கு பக்கத்துல ஒரு ஃபேமிலி, ரெண்டு வயசுக் குழந்தைய ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுத்து எங்கிட்டயும் காட்டறாங்க. ஒரு கண்ணு செவப்பா தெரியுது, இன்னொண்ணு பூனைக்கண்ணு கணக்கா வெள்ளையா மின்னுது. எனக்கு கால் ஆடிப்போச்சு, ஏன்னா என் பையனோட பர்த்டே போட்டோல அதே வெள்ளை, நாங்க லைட்டுன்னு நெனச்சுட்டு இருந்தோம். நான் அந்தம்மாகிட்ட போய் நாளைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னா, திருவிழா அன்னிக்கு அபசகுனமா பேசறாளேன்னு பாக்கறாங்க. நீங்க டாக்டரா? இல்ல. அப்புறம் எப்படித் தெரியும்? என் பையனுக்கு இதே மாதிரி கண்ணுல கேன்சர் இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கானா?

இல்லைன்னு சொன்னேன். எங்களுக்குத் தெரியறதுக்குள்ள மூளைக்குப் போயிடுச்சு, கண்ணுக்குள்ளயே இருக்கும்போது பிடிச்சா காப்பாத்திடலாம், அதனாலதான் சொல்றேன்னேன். அவ புருஷன் காரெடுக்கப் போயிட்டான். அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாது, நம்பர் வாங்கல.

பில்லிங் டிபார்ட்மெண்ட்:

எங்க ட்ரஸ்ட்ல மனைவிதான் ஆஸ்பத்திரி போவா. நான் வேன் ஓட்டறது, கணக்கு, ஆடிட்டர், அவ்ளோதான். வேன்ல யாரும் எதுவும் கேக்கறதில்ல, எல்லாரும் தூங்கிடுவாங்க. சில பேருக்கு இதுதான் ஒத்து வரும்.

சாட்ஸ்வர்த் அம்மா:

எல்லாத்தையும் படிச்சேன், சிலத ரெண்டு தடவ. டொங்காட் தங்கச்சி, நீ பண்ணது சரிதான்மா. இன்னொண்ணு நடந்தத எழுதறேன், இத வீட்டுல கூட முழுசா சொன்னதில்ல.

இனிமே கீமோ வேலைக்கு ஆகாது, வலிக்கு மட்டும் பாக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டா அந்த அம்மாகிட்ட மத்த அம்மாக்கள் யாரும் அண்ட மாட்டாங்க. கெட்ட எண்ணம் இல்ல, பயம். டீ போட வந்து நின்னா ஒவ்வொருத்தரா கப்ப எடுத்துக்கிட்டு நகர்ந்துடுவாங்க, எனக்கும் நடந்திருக்கு. எம்பங்கேனி பக்கத்துல இருந்து ஒரு கோகோ, பாட்டி, பேத்தியோட இருந்தாங்க. அந்த நிலைமை வந்ததும் நேரா என் பக்கத்துல வந்து உக்காந்து, உன் பிள்ளை இல்லன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும், வீட்டுல பிள்ளை இருக்கறவ இவ்ளோ நேரம் இங்க உக்கார மாட்டாங்கறாங்க. அழவும் இல்ல, ஆறுதலும் கேக்கல. கேட்டதெல்லாம் வேற. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ராத்திரி வலி வந்தா என்ன பண்ணணும், மூச்சு எப்படி மாறும், கடைசியில பேசுவாளா? இத நர்ஸ்கிட்ட கேக்க பயமா இருக்கு, நீ பாத்திருக்க, நீ சொல்லு.

சொன்னேன். மார்ஃபின் சிரப்ப வலி வரட்டும்னு காத்திருக்காம டாக்டர் சொன்ன நேரத்துக்கு நேரம் குடுங்க, மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து இப்பவே கேட்டு வாங்கிக்கோங்க, மூச்சு நின்னு நின்னு வரும், அப்ப பதறாம கைய பிடிச்சுக்கோங்கன்னு. ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டு, சிரப் பேர ஒரு துண்டுச்சீட்டுல எழுதச் சொல்லி புடவைத் தலைப்புல முடியற மாதிரி துப்பட்டா முனையில முடிஞ்சுக்கிட்டாங்க.

அதனால இப்போதைக்கு நான் எடுத்திருக்கற முடிவு, புதுசா வந்தவங்ககிட்ட நானா சொல்றதில்ல, நேரா கேட்டா பொய் சொல்றதும் இல்ல. அந்தப் புளிச்சோறு பொண்ணு அடுத்த வியாழக்கிழமை வர்றா, கேப்பா.

பீனிக்ஸ் தங்கை:

அக்கா எனக்கு இந்த அனுபவம் இல்ல, சும்மா படிச்சுட்டு இருந்தேன். குல்லா பின்னத் தெரியும், அனுப்பலாமா?

சாட்ஸ்வர்த் அம்மா:

தாராளமா. கம்பளி வேணாம், மொட்டத் தலையில குத்தும், காட்டன் நூல்ல பின்னுங்க, வெந்நீர்ல துவைக்கற மாதிரி இருக்கணும். பெரிய சைஸும் போடுங்க, பன்னெண்டு பதிமூணு வயசுப் பசங்களுக்கு யாருமே அனுப்பறதில்ல.