பிராங்கோபன்கள் உரோமையிலிருந்து வந்தவர்களா? 1430ஆம் ஆண்டின் ஏற்பு குறித்த விவாதம்

ஏடறிவோன்:
குரோவாட்டியாவின் பிராங்கோபன் பிரபுக்கள் உரோமை நகரத்துப் பிராஞ்சிபானிக் குடியின் கிளையினர் என்று நண்பர் மேலைக்கடல் நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து என் எரிச்சல் அடங்கவில்லை. வரலாற்றில் இக்குடியின் முதல் ஆளாகத் தெரிபவர் 1118இல் வெனிஸுக்கு உட்பட்டு, ஏட்ரியாட்டிக் கடலில் குரோவாட்டியக் கரையை ஒட்டிய கிர்க் தீவை ஆண்ட முதலாம் துயாம். அவருக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆவணங்கள் இவர்களைக் கிர்க் பிரபுக்கள் என்றே குறிக்கின்றன. நான்காம் நிக்கோலா 1430இல் உரோமைக்குச் சென்று, பிராஞ்சிபானிகளோடு உறவு உண்டு என்பதற்குத் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினிடம் ஏற்புப் பெற்று, அவர்களின் சிங்கச் சின்னத்தைச் சூடிக்கொண்டு திரும்பினார். அதுவரை அவர்கள் கேடயத்தில் இருந்தது விண்மீன். முந்நூறு ஆண்டுக்காலம் யாருக்கும் நினைவில் இல்லாத பாட்டன் திடீரென்று எப்படி முளைத்தான்?

மேலைக்கடல்:
திருத்தந்தையே ஏற்றுக்கொண்ட உறவை ஏடறிவோன் ஏற்க மறுக்கிறார். அவரளவுக்கு ஐயம் கொள்ளும் ஆற்றல் ஐந்தாம் மார்ட்டினுக்கு வாய்க்கவில்லை போலும். துயாம் தோன்றும் அதே 1118இல்தான் உரோமையில் சென்சியோ பிராஞ்சிபானி, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை இரண்டாம் ஜெலாசியஸையே பிடித்துச் சிறைவைத்தார். அவ்வளவு வலிமை பெற்றிருந்த குடியின் ஒரு கிளை ஏட்ரியாட்டிக் கடலைக் கடந்திருக்க முடியாது என்று எந்தத் துணிவில் சொல்கிறீர்கள்?

ஏடறிவோன்:
முடியாது என்று நான் எங்கும் எழுதவில்லை. கடந்ததற்குச் சான்று கேட்கிறேன். ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள் என்பதனால் அவர்கள் உறவினராகிவிட மாட்டார்கள். 1430இல் நிக்கோலா சாதாரண ஆள் அல்லர்; அங்கேரி-குரோவாட்டிய அரசர் சிகிஸ்முண்டின் கீழ்க் குரோவாட்டியாவின் ஆளுநராக, அதாவது பானாக, இருந்தவர். தம் குடிக்கு இன்னும் உயர்ந்த பிறப்பைத் தேடும் தேவையும் அதைப் பெறும் வசதியும் அவருக்கு இருந்தன. திருத்தந்தையின் ஏற்பு அந்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குச் சான்றாகுமே தவிர, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய பிறப்புக்குச் சான்றாகாது.

கரைவேந்தன்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ஒரு குடியைக் குரோவாட்டியக் குடி என்று நாம் சொல்வது பிறப்பை வைத்தா, மொழியை வைத்தா, ஆண்ட நிலத்தை வைத்தா என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மேலைக்கடல்:
எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. 1430இல் உறவு ஏற்கப்பட்டதா, இல்லையா? ஆம் என்றால் வழக்கு முடிந்தது. அதற்குப் பின் அக்குடியினர் தங்களைப் பிராங்கோபன்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். தங்கள் முன்னோர் யாரென்று அவர்களைவிட ஏடறிவோனுக்கு நன்றாகத் தெரியுமா?

தீவுவாசி:
நீங்கள் இருவருமே முதன்மையானதை விட்டுவிட்டீர்கள். இவர்கள் வெனிஸின் ஊழியர்கள். 1163இல் துயாமின் மக்களான விட், பர்த்தோல் ஆகியோர் கிர்க்கைப் பெற்றது வெனிஸின் ஆட்சித் தலைவரான தோஜிடமிருந்துதான். அத்தீவை 1480இல் வெனிஸே திரும்ப எடுத்துக்கொண்டது. கொடுத்தவன் பறித்தான், இதில் வீரப் பெருமை பேச என்ன இருக்கிறது?

ஏடறிவோன்:
ஊழியர் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கேரி-குரோவாட்டிய அரசர் மூன்றாம் பேலா 1193இல் பர்த்தோலுக்கு உள்நாட்டு மோத்ருஷைக் கொடுத்தார். 1271இல் கடற்கரையிலுள்ள செஞ் நகரம் இக்குடியினரைப் பரம்பரைத் தலைவர்களாக ஏற்றுக்கொண்டது. தீவில் வெனிஸுக்கும் நிலத்தில் அங்கேரி-குரோவாட்டிய அரசருக்கும் ஒரே காலத்தில் கட்டுப்பட்டு, இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக நின்று பிடித்தவர்களை ஊழியர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1288இல் இவர்களுடைய ஆட்சிப் பகுதியில் ஒன்பது ஊர்களின் பிரதிநிதிகள் கூடித் தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைக் குரோவாட்டிய மொழியில், பழைய ஸ்லாவிய எழுத்து முறையான கிளகோலித்திய எழுத்தில் பதிந்துவைத்தார்கள். அந்த வினொடோல் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் இவர்கள் எந்த மண்ணோடும் எந்த மக்களோடும் பிணைந்திருந்தார்கள் என்பது விளங்கும். உரோமையின் நிழல்கூட அதில் இல்லை.

தீவுவாசி:
அச்சட்டம் பிரபுவுக்குச் சேர வேண்டிய தண்டத் தொகைகளையும் உறுதிசெய்கிறது என்பதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? மக்கள் கூடினார்கள் என்ற பகுதி மட்டும் உங்களுக்கு இனிக்கிறது. சென்ற மாதம் ஸ்ரின்ஸ்கிகள் என்ற மற்றொரு குரோவாட்டியப் பிரபுக் குடியைப் பற்றிய விவாதத்திலும் வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடை வரவில்லை.

ஏடறிவோன்:
அந்தக் கேள்விக்கு அங்கேயே விடை எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை. தண்டத் தொகைகள் அச்சட்டத்தில் உள்ளன என்பதை நான் மறைக்கவும் இல்லை. பிரபுவின் உரிமையும் ஊராரின் உரிமையும் ஒரே ஏட்டில் எழுத்தாக நிற்பதே அதன் சிறப்பு. பேச்சு 1430ஐப் பற்றியது. அதிலிருந்து என்னை இழுக்க வேண்டாம்.

மேலைக்கடல்:
1430ஐப் பற்றியதுதான். திருத்தந்தை ஏற்றார்.

ஏடறிவோன்:
ஏற்றதை யார் மறுத்தது? 1449இல் மோத்ருஷில் கூடி எட்டுக் கிளைகளாகச் சொத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் நிக்கோலாவின் மக்களும் பேரனும்தான். அவர்களுக்குப் பிராங்கோபன் என்ற பெயர் தந்தை ஈட்டிக் கொடுத்த புதுச் சொத்து. 1493இல் கிர்பாவா களத்தில் உதுமானியரை எதிர்த்து இறந்த செத்தின் கிளையின் இவான் உரோமைக்காக இறக்கவில்லை. 1671 ஏப்ரல் 30இல் ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட்டில், பீட்டர் ஸ்ரின்ஸ்கியோடு தலை வெட்டுண்டு, மக்கட்பேறு இல்லாமலேயே இக்குடியை முடித்துவைத்த பிரான் கிறிஸ்டோவும் உரோமைக்காக இறக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர்களை அயலூர்க் குடி என்று ஒரு வரியில் எழுதிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மேலைக்கடல்:
உங்கள் உருக்கம் சான்றாகாது. யாருக்காக இறந்தார்கள் என்பதற்கும் யாருக்குப் பிறந்தார்கள் என்பதற்கும் தொடர்பில்லை. முத்திரையோடு கூடிய ஏற்பு என் பக்கம் இருக்கிறது. உங்கள் பக்கம் இருப்பது முந்நூறு ஆண்டு மௌனம்.

கரைவேந்தன்:
நான் கேட்டதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை.

ஏடறிவோன்:
மௌனம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, மேலைக்கடல் அவர்களே. உறவு உண்டு என்று சொல்பவர் நீங்கள். ஆகவே காட்ட வேண்டியவரும் நீங்களே. துயாமின் தந்தை பெயரைத் தரும் ஆவணம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அல்லது 1300க்கு முன் கிர்க் பிரபு ஒருவரைப் பிராஞ்சிபானி என்று அழைக்கும் ஒரு வரியையாவது காட்டுங்கள்.

மேலைக்கடல்:
முதலில் 1430ஆம் ஆண்டு ஏற்பு பொய்யென்று நீங்கள் காட்டுங்கள். அதுவரை என் பதிவில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

தீவுவாசி:
1163ஐப் பற்றி இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.