எப்போதும் நல்லவனாகவே இருக்கும் சூப்பர்மேனுக்குக் கதை உண்டா?

வெள்ளைத்தாள் கேட்டது:

24 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு வயது 19. பறப்பாள், பாரம் தூக்குவாள், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாள். படம் வரைந்து தரும் நண்பன் முதல் ஒன்பது பக்கத்தைப் படித்துவிட்டு, "இவகிட்ட ஒரு இருட்டு இருக்கணும்டா. யாரையாவது கொன்னிருக்கணும், இல்ல கொல்லப் பார்த்திருக்கணும்" என்கிறான். அதற்கு அவன் காட்டும் உதாரணம் 2013-ல் வந்த சூப்பர்மேன் படம். கடைசியில் வில்லன் ஜாடின் கழுத்தை முறித்துவிட்டுக் கதறுகிறானே, அந்த ஒரு நிமிடத்தில்தான் சூப்பர்மேன் மனிதனாகத் தெரிந்தான் என்பது அவன் கட்சி.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பதில் சொல்லவும் வரவில்லை. நல்லதைத்தான் செய்வான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்ட ஒருவனுக்காக அடுத்த பக்கத்தை எதற்குப் புரட்ட வேண்டும்? யோசித்தவர்கள் சொல்லுங்கள். நாயகியை மாற்ற மனசில்லை.

மூன்றாம்பெஞ்ச்:

உங்க நண்பர் பக்கம்தான் நான். சூப்பர்மேன் கதைய நான் அதுல வர்ற வில்லன் லெக்ஸ் லூதருக்காகத்தான் படிக்கிறேன். அவனுக்கு ஒரு ஆசை இருக்கு, பொறாமை இருக்கு, தூக்கம் வராது. சூப்பர்மேனுக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேணாம். எதுவுமே வேணாம்கிற ஆளை வச்சு எப்படிக் கதை ஓட்டுவீங்க?

பழையபிரதி:

உங்கள் நண்பர் கேட்கும் இருட்டு ஒன்றும் புதிதில்லை. அதைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். கிளீவ்லாண்டு நகரத்தில் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1933-ல் தாங்களே அச்சிட்ட சிறு பத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது, அந்த ஆள் வில்லன். மொட்டைத் தலை, அடுத்தவர் மனதை ஆட்டிப்படைக்கும் சக்தி, உலகத்தையே ஆளும் வெறி. அவன் நிலைக்கவில்லை. 1938-ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த நல்லவன்தான் இன்றுவரை நிற்கிறான்.

அந்த ஆரம்ப இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். வேற்றுக்கிரகப் பகைவன் யாரும் கிடையாது. மனைவியை அடிக்கும் கணவன், விலைபோகும் செனட்டர், மரண தண்டனைக்குப் போகவிருக்கும் ஒரு நிரபராதிப் பெண். மூன்றாம் இதழில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். முதலாளி விருந்து நடத்துகிறார். சுரங்கத்துக்குள்ளேயே போய்க் கூத்தடிக்கலாம் என்று விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு இறங்குகிறார். தொழிலாளி வேடத்தில் இருக்கும் சூப்பர்மேன் வழியை அடைத்துவிடுகிறான். பாதுகாப்புக் கருவி ஒன்றும் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் முதலாளிக்குத் தெரிகிறது. கோட்டு சூட்டோடு மண்ணைத் தோண்டுகிறார்கள். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் நிறைந்திருந்த ஊரில் வளர்ந்த இரண்டு பையன்களின் கோபம் அது. நல்லவன் என்றால் சாதுவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நம் இரும்புக்கை மாயாவி எதிர்த்திசையில் வந்தவர். 1962-ல் பிரிட்டனில் தொடங்கியபோது திருடன், பிறகுதான் உளவாளி. ஆனால் நான் சிறுவயதில் வரிசையில் நின்று வாங்கியது உளவாளி மாயாவியைத்தான். மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய ஆள் மறைந்துபோவதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

ராத்திரிவண்டி:

தம்பி, நான் 108 ஆம்புலன்ஸில் இஎம்டி, அதாவது அவசர சிகிச்சை உதவியாளர். பதினோரு வருடம் ஆகிறது. காமிக்ஸ் பற்றி மேலே எழுதிய அண்ணன் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் "நல்லவனுக்குக் கதை இல்லை" என்று யாராவது சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியாது.

1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படம் பார்த்திருப்பாய். அதில் எல்லோரும் பறக்கிற காட்சியைச் சொல்வார்கள். எனக்கு நீச்சல்குளக் காட்சி. லூதர் இரண்டு ஏவுகணைகளைத் திருப்பி விட்டிருக்கிறான். ஒன்று மேற்கே கலிபோர்னியாவுக்கு, இன்னொன்று கிழக்கே நியூஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊருக்கு. சூப்பர்மேன் கழுத்தில் அவன் சக்தியைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல்லை மாட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறான். லூதர் கூடவே இருக்கும் ஈவ் என்ற பெண்ணின் அம்மா ஹேக்கன்சாக்கில் இருக்கிறாள். அவள் இவனைக் காப்பாற்ற இறங்குகிறாள், ஆனால் முதலில் ஒரு வாக்குக் கேட்கிறாள்: என் அம்மா ஊருக்குப் போகிற ஏவுகணையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அவன் நேசிக்கும் லோயிஸ் இருப்பது மேற்கே. அவன் வாக்குக் கொடுக்கிறான். வெளியே வந்ததும் கிழக்கேதான் பறக்கிறான். ஏமாற்றியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மேற்கே பூமி பிளக்கிறது. இவன் அங்கே வந்து ஒவ்வொன்றாகத் தாங்கிப்பிடித்து முடிப்பதற்குள் லோயிஸ் காரோடு மண்ணில் புதைந்துபோகிறாள்.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதனாலேயே தாமதமானான். கெட்டவனாக இருந்திருந்தால் நேரே மேற்கே போயிருப்பான், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு, நல்ல மழை, ராத்திரி இரண்டு மணி இருக்கும். பிரசவ கேஸ். முதல் பிரசவம், ரத்தப்போக்கு இருந்தது, கூட வந்தது மாமியார் மட்டும். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, விட்டுட்டுப் போகமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பத்து நிமிடத்தில் பைபாஸில் ஒருவர் குறுக்கே வந்து கையை ஆட்டுகிறார். பைக் கிடக்கிறது, ரோட்டோரம் ஒரு பையன், கால் சட்டையெல்லாம் ரத்தம். வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைத் திறந்து, "வேற வண்டி சொல்லிடறோம், அவரைப் புரட்டாதீங்க, ரத்தம் வர்ற இடத்துல துணியை வச்சு அழுத்திப் பிடிங்க" என்று கத்தினேன். கன்ட்ரோலுக்குத் தகவல் சொன்னோம். வண்டி நகர்ந்தது. எங்களைத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தார்.

அந்தப் பெண்ணின் கையை நான் விடவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிடம். என் மனதில் கெட்டது ஒன்றுமே இல்லை, பேராசை இல்லை, பழிவாங்கல் இல்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தில் உள்ளே நடந்ததை எழுதினால் உன் 24 பக்கம் போதாது. பையன் பிழைத்தான் என்பது விடிந்த பிறகுதான் தெரியும்.

அதனால் மூன்றாம்பெஞ்ச் தம்பிக்கும் சொல்கிறேன். சூப்பர்மேனுக்கு ஒன்றும் வேண்டாம் என்பது தவறு. அவனுக்கு எல்லோரும் பிழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை லூதருக்கும் கிடையாது. நடக்கவே நடக்காத ஆசையும் அதுதான்.

இன்னொன்று. 2005 முதல் 2008 வரை கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' பன்னிரண்டு இதழ்களில் பத்தாவதைத் தேடிப் படி. சூரியக் கதிர் உடம்பு தாங்காத அளவுக்கு ஏறி, அவனே செத்துக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவே ஒரே ஒரு பக்கம்: உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பெண். அவன் பின்னால் வந்து நிற்கிறான். உன் டாக்டர் நிஜமாகவே வழியில் மாட்டிக்கொண்டார் என்கிறான், நீ நினைப்பதைவிட உனக்குத் தெம்பு அதிகம் என்கிறான். அவள் திரும்பிக் கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான். விழுந்தபின் பறந்து பிடிக்கவில்லை பார், விழுவதற்கு முன்பே வந்து நிற்கிறான். அந்த டாக்டர் எங்கோ போனில் தவிப்பதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் அது முடியும். எங்கள் வேலையிலும் பாதி அதுதான். அந்தப் பக்கத்தைப் போனில் வைத்திருக்கிறேன்.

உன் நாயகியை யாரையும் கொல்ல விடாதே. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவளைக் கூப்பிடட்டும்.

மூன்றாம்பெஞ்ச்:

அக்கா, பைபாஸ் கதை மனசைப் பிசைஞ்சிடுச்சு. ஆசை இல்லைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு கேள்வி. அந்த 78 படத்துல கடைசில பூமியைச் சுத்திப் பறந்து காலத்தையே பின்னால திருப்பி லோயிஸைப் பிழைக்க வச்சிடறானே? அப்புறம் அந்த வாக்குக்கு என்ன விலை?

ராத்திரிவண்டி:

அந்த இடத்தில் படம் பின்வாங்கிவிட்டது. எனக்கும் கோபம் உண்டு. எங்களுக்கெல்லாம் திருப்பிப் பறக்க வழியில்லை. ஆனால் பறக்கும் முன் வானத்தில் இரண்டு அப்பாக்களின் குரல் கேட்கிறதே, கவனித்தாயா? மனிதர் வரலாற்றில் கைவைக்காதே என்று பெற்றவர் தடுக்கிறார். இன்னொரு குரல், மாரடைப்பில் போன வளர்ப்பு அப்பாவுடையது. இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர் சாவில் கலங்கி நின்றவன் இவன். ஒரு அப்பா சொல்லைத்தான் கேட்க முடியும், அவன் தேர்ந்தெடுத்துவிட்டான். முடிவை மன்னிக்க மாட்டேன். அந்தத் தேர்வை மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பப் பார்ப்பேன்.

வெள்ளைத்தாள்:

அக்கா, பத்தாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வெள்ளத்தில் ஒரு வீட்டுக் கூரையில் பாட்டி, அதே நேரம் பாலத்தில் ஒரு பள்ளி வேன். பாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். நண்பன் படித்துவிட்டு இருட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை, வேனில் எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்டான். ஜன்னல் வழியாக நீங்கள் கத்திச் சொன்னதை, பாலத்தில் நிற்பவர்களிடம் அவள் சொல்வதாக வைத்துக்கொள்ளலாமா?

ராத்திரிவண்டி:

தாராளமா வச்சுக்கோ. ஒரே ஒரு வரி சேர்த்துக்கோ, அன்றைக்குச் சொல்ல எனக்கு நேரமில்லை: துணி ரத்தத்தில் நனைந்துபோனாலும் எடுக்கக் கூடாது, அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும்.